காலி என்று சொன்ன நிரல்

அக்கா வீட்டில் சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் நடக்கக் கூடாது. பேசலாம், தும்மலாம், சண்டைகூடப் போடலாம், நடக்கத்தான் கூடாது. உள் அறையில் மேஜை மேல் ஒரு சாண் உயரப் பொம்மை நிற்கும். அதன் கையை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு ஃபிரேம், இன்னும் ஒரு நூல் நகர்த்தி இன்னொரு ஃபிரேம் என்று அக்கா எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு. வெளியே யாராவது குதிகாலை அழுத்தி வைத்தால் பழைய கட்டடத்தின் தரை அதிரும், பொம்மை மயிரிழை ஆடும், அன்றைய உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும்.

அப்படிப்பட்ட வீட்டில் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஓர் இடத்தில் நிற்கத் தெரியாததால் சின்ன வயதிலேயே 'பம்பரம்' என்று பெயர் வாங்கிய தங்கை, கட்டிப்போட்டாற்போல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர், அவளுக்கு அத்தான். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடத்தான் அனுமதியும் இல்லை.

நடந்தது இதுதான். அக்கா இரண்டு வருஷமாக எடுத்துவரும் பதினொரு நிமிஷப் பொம்மைப் படம் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தது. படத்தின் பெயர் மூக்கன், பொம்மையின் பெயரும் அதுதான். நேற்று வரை பதினையாயிரத்து அறுநூற்று இரண்டு ஃபிரேம். கேமரா அட்டையை அன்றன்று டிஸ்க்குக்கு மாற்றி அழித்துவிடுவது அக்காவின் சிக்கனம், அதனால் வேறெங்கும் ஒரு ஃபிரேம்கூடக் கிடையாது. திங்கட்கிழமை மதியத்துக்குள் படத்தைத் திரைப்பட விழாவின் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். "ஒரு நகல் எடுத்து வை, நகல் எடுத்து வை" என்று ஆறு மாதமாக உயிரை வாங்கியவள் பம்பரம்தான். தொல்லை தாங்காமல் அத்தான் நேற்று அதே கடையில் அதே மாதிரி இன்னொரு டிஸ்க் வாங்கிவந்தார்.

பழைய டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அதில் மின்சார ஒயர் செருகும் துளை தளர்ந்துபோய், ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டால்தான் வேலை செய்யும். அத்தான் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிற கை. மூக்கனின் விரல்களும் அந்தக் கை செய்தவைதான். சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்தார், டிஸ்க்கை உருவினார், புதியதையும் உறை பிரித்துப் பக்கத்தில் வைத்தார். நேரே டிஸ்க்கைச் செருகிக்கொள்ளும் டாக் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். அப்போதுதான் கவனித்தார். 'மூக்கன், தொடாதே' என்று அக்கா கொட்டை எழுத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பெட்டியின் மேல் இருந்தது. டிஸ்க்கின் மேல் இல்லை. இரண்டும் ஒரே அச்சு.

இதற்கெல்லாம் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாளே என்று ஒன்றைச் செருகிவிட்டுப் பம்பரத்துக்குப் போன் போட்டார். பம்பரம் அலுவலகத்தில் செய்கிற வேலையே அதுதான்: டிஸ்க்கின் பிரிவுப் பட்டியலைப் படிக்கும் நிரல், அதாவது கணினி புரோகிராம், எழுதுவது. அதை அக்காவின் கணினியிலும் போட்டு வைத்திருந்தாள். "அத்தான், அதை ஓட்டுங்க, என்ன சொல்லுதுன்னு படிங்க" என்றாள்.

"'பட்டியல் இல்லை. டிஸ்க் காலி'ன்னு சொல்லுது."

"அப்ப அதான் புதுசு. இனிஷியலைஸ் குடுத்துடுங்க. ஃபார்மட் இப்ப வேண்டாம், பழசுல என்ன ஃபார்மட்னு பாத்துட்டு அதே மாதிரி போடலாம்."

"குடுத்துடவா?"

"குடுங்க அத்தான், நான்தான் சொல்றேன்ல."

குடுத்தார். அதை உருவிவிட்டு மற்றதைச் செருகினார். நிரலை ஓட்டினார்.

"இதையும் காலின்னு சொல்லுதும்மா."

பம்பரம் உடனே ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் டிரைவரின் முதுகைப் பார்த்தபடி, இரண்டும் காலியாக இருக்க முடியாது, இரண்டும் காலியாக இருக்க முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வாசலில் அத்தான் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு பல்பைக் காட்டினார். அடிமேல் அடி வைத்து சோபா வரை வந்து சேர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அவ எட்டு மணிக்கு உள்ள போனா. கடைசிக் காட்சி. நாலு மணிக்குத்தான் வெளிய வருவா" என்றார் அத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லாத. நீ எப்படியும் எடுத்துடுவ. எடுத்ததுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்? இல்ல, சொல்லித்தான் ஆகணும்னா நான் அழுத்தினேன்னு சொல்லிடறேன். அழுத்தினது நான்தானே."

"அழுத்தச் சொன்னது யாரு?"

அத்தான் பெட்டியின் திருகுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார். நல்ல மனுஷர்.

இந்த இடத்தில் பிரிவுப் பட்டியல் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிஸ்க் என்பது பக்க எண் மட்டும் போட்ட தடித்த புத்தகம்; அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்டர் என்று பெயர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை யாருடைய சரக்கு என்று முன்னால் ஒரு பொருளடக்கம் இருக்கும். அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று யோசித்த புண்ணியவான்கள் அதே பொருளடக்கத்தைக் கடைசியிலும் ஒருமுறை எழுதி வைக்கச் சொன்னார்கள். இனிஷியலைஸ் என்றால் இரண்டு இடத்திலும் புதிதாக ஒரு வெற்றுப் பொருளடக்கத்தை எழுதுவது. உள்ளே கதை அப்படியே இருக்கும். எங்கே தொடங்குகிறது என்றுதான் யாருக்கும் தெரியாது.

பம்பரம் இந்தப் பட்டியலைப் படிக்கும் நிரலை ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தாள். ஒரு பிரிவுக்கு நூற்று இருபத்தெட்டு பைட். அதில் வகைக்குப் பதினாறு, அடையாளத்துக்குப் பதினாறு, தொடக்கத்துக்கு எட்டு, முடிவுக்கு எட்டு, குறிப்புகளுக்கு எட்டு, பெயருக்கு எழுபத்திரண்டு. நினைவகத்தில் ஒரு பைட் முன்னே பின்னே போகாமல் அந்த வடிவத்தை அச்சாக வார்த்திருந்தாள். பட்டியலுக்கென்று உள்ள தலைப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் பட்டியலைத் தொடவே முடியாது. தொடுகிற மாதிரி எழுதினால், எழுதியதைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரே ஏற்றுக்கொள்ளாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

முதலில் இனிஷியலைஸ் ஆன டிஸ்க்கைச் செருகி நிரலை ஓட்டினாள். 'பட்டியல் சரியாக உள்ளது. பிரிவுகள் எதுவும் இல்லை' என்றது. காலையில் அவள் பேச்சைக் கேட்டு எழுதப்பட்ட பட்டியலை அவள் நிரலே மெச்சியது. லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல் இருந்தது. தரை அதிரும் என்பதால் உடைக்கவில்லை.

எழுந்து நாலு நடை நடந்தால் மூளை வேலை செய்யும். அவளுக்கு அப்படித்தான் பழக்கம். அலுவலகத்தில் அவள் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரை விரிப்பே தேய்ந்திருக்கிறது. இங்கே கட்டைவிரலைத்தான் ஆட்ட முடிந்தது. சோபாவின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள். உள்ளேயிருந்து கேமராவின் 'டிக்' கேட்டது. இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு 'டிக்'. எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரியாமல் மூக்கன் ஒரு நூல் நகர்ந்திருப்பான்.

பதினொன்றரைக்கு வேறு வழியில்லாமல் சந்தேகத்துக்குப் போன் போட்டாள்.

சந்தேகம் என்பது அலுவலகத்தில் அவள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பவர். எந்தப் பேச்சையும் 'ஒரு சந்தேகம்' என்றுதான் தொடங்குவார், அதனால் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன் அவள் நிரலின் மேல் ஒரு புகார் எழுதியிருந்தார்: 'பட்டியல் இல்லாத டிஸ்க்குக்கும், இருந்தும் நமக்குப் படிக்கத் தெரியாத டிஸ்க்குக்கும் ஒரே பதில் வருகிறது. இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு.' அதற்குக் கீழே பம்பரம், 'நடைமுறையில் என்ன வித்தியாசம்?' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டாள். மூடிய கையோடு டீ குடிக்கப் போனதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். குத்திக் காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

"ஒரு சந்தேகம். ஒரு செக்டருக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுன்னு உங்க நிரலுக்கு யார் சொன்னா?"

"நான்தான். மாறாத எண்ணா மேல எழுதி வெச்சிருக்கேன்."

"டிஸ்க்கைக் கேக்கலையா?"

"எல்லா டிஸ்க்கும் அதைத்தானே சொல்லும்?"

"டிஸ்க் சொல்லும். பெட்டி என்ன சொல்லுச்சு?"

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். மேஜை மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு பச்சைச் சர்க்யூட் அட்டை. சில பெட்டிகளில் அந்த அட்டை எட்டு செக்டரை ஒரே கட்டாகக் கட்டி, நாலாயிரத்துத் தொண்ணூற்று ஆறு பைட் கொண்ட ஒரு பெரிய செக்டர் என்று கணினிக்குக் காட்டும். கணினி அதை நம்பிப் பொருளடக்கத்தை அந்தக் கணக்கில் எழுதும். பெட்டியைக் கழற்றினால் கணக்கு மாறிவிடும். பொருளடக்கம் முன்பக்கம்தான் இருந்தது, ஆனால் அவள் தேடிய இடத்தில் இல்லை. எட்டு மடங்கு தள்ளி இருந்தது. அவள் நிரல் ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது பைட்டில் எட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு, வீடே காலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டது.

"இருந்திருக்கு" என்றாள். "காலைல எல்லாம் இருந்திருக்கு. நான்தான் இல்லன்னு சொல்லி அழிக்க வெச்சுட்டேன்."

"இப்பவும் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க" என்றார் சந்தேகம். "கணக்குப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அத்தான் அக்காவின் ஃபிரேம் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். முன்பக்கம் புதிய பட்டியல் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, அங்கே போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. பின்பக்கம்தான் நம்பிக்கை. புதிய பட்டியல் சின்னக் கணக்கில் எழுதப்பட்டது: கடைசியிலிருந்து பதினாறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஆறு பைட்டை மூடியிருக்கும். பழையது பெரிய கணக்கு: கடைசியிலிருந்து இருபதாயிரத்து நானூற்று எண்பதாவது பைட்டிலேயே தொடங்கியிருக்கும். கழித்தாள். தப்பாக இருக்குமோ என்று இன்னொரு முறை கழித்தாள். மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு.

குட்டைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் மாதிரி, பழைய பட்டியலின் தொடக்கத்தில் அவ்வளவு பைட் மூடப்படாமல் மிஞ்சியிருக்க வேண்டும். நூற்று இருபத்தெட்டால் வகுத்தால் இருபத்தெட்டு பிரிவுகளுக்கு இடம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது முதலாவது.

"இருக்கா?" என்றார் அத்தான்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் கால் நொடியில் பதில் வரும். அன்றைக்கு லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

படிப்பதிலும் ஒரு சங்கடம். பழைய பட்டியலின் தலைப்பு இரண்டு பக்கமும் அழிந்துவிட்டது. தலைப்பு இல்லாமல் பட்டியலைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவளேதான். தன் நிரலை வளைத்துப் பார்த்தாள். கம்பைலர் சிவப்புச் சிவப்பாகத் திட்டியது. அத்தனை பாதுகாப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்ன இடத்திலிருந்து நூற்று இருபத்தெட்டு பைட்டை அப்படியே கொடு, சரியா தப்பா என்று நீ சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பத்து வரியில் தனியாக ஒன்று எழுதினாள். டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டித் திறந்தாள். அவசரத்தில் எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். முதல் தடவை திரை முழுக்கப் பூஜ்ஜியம் வந்தபோது அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் தடவை எண்கள் வந்தன. தொடக்கம்: இருநூற்று ஐம்பத்தாறு. பெரிய செக்டர் கணக்கில் பிசகில்லாத எண். ஆனால் அவள் கண் அதற்குள் கீழே ஓடிவிட்டது, பெயர் இருக்க வேண்டிய இடத்துக்கு.

AE 0B C2 0B 95 0B CD 0B 95 0B A9 0B CD 0B.

ஒன்று விட்டு ஒன்று 0B. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்குள் அந்த 0B-யைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் போகும். யாரோ இந்தப் பிரிவுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். ம, அதற்கு ஊகாரக் கொம்பு, க, புள்ளி, மறுபடி க, ன, புள்ளி.

"மூக்கன்" என்றாள்.

அத்தான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். போனில் சந்தேகம், "நல்லது. தொடக்கத்தை நாலாயிரத்துத் தொண்ணூற்று ஆறால பெருக்குங்க, மறந்துடாதீங்க" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அதற்கப்புறமும் நிம்மதி இல்லை. பெயர் கிடைத்தால் படம் கிடைத்ததாகாது. பெருக்கி வந்த இடத்திலிருந்து டிஸ்க்கைப் பெரிய செக்டர் கணக்கில் படிக்கச் சொல்லிக் கணினிக்கு ஒரு ஜன்னல் திறந்துவிட்டாள். அடைவுகள், அதாவது படங்கள் இருக்கும் ஃபோல்டர்கள், தெரிந்தன. அடைவு தெரிந்தால் மட்டும் போதுமா? ஒவ்வொரு ஃபிரேமையும் திறந்து, முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, எண்ணிக்கொண்டே தன் லேப்டாப்புக்கு நகல் எடுக்கும்படி ஒரு நிரலை எழுதி ஓட்டினாள். இடம் போதாமல் தன்னுடைய சினிமாக்களையெல்லாம் அழித்தாள். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், அது வேறு அரை மணி நேரம். எண் நூறு நூறாக ஏறியது. நடுநடுவே ஒரே எண்ணில் நின்றுவிடும். அவள் மூச்சும் நின்றுவிடும். புகாரைத் தேடி எடுத்து மறுபடி திறந்தாள். 'வித்தியாசம் உண்டு' என்று மட்டும் கீழே எழுதினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிவப்பு பல்பு அணைந்தது.

அக்கா கையைத் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டே வந்தாள். கன்னத்தில் களிமண். "முடிஞ்சுது! இருநூத்து முப்பத்தெட்டு ஃபிரேம், ஒண்ணுகூட வீணாகல. நீ எப்படி வந்த பம்பரம்? சத்தமே இல்லையே, உடம்பு சரியில்லையா?" அப்புறம் மேஜையைப் பார்த்தாள். வாய் பிளந்த பெட்டி, உருவின டிஸ்க், தன் ஸ்டிக்கர். "நகல் எடுக்கறீங்களா? எல்லாம் இருக்குல்ல?"

அத்தான் முந்திக்கொண்டார். "இருக்கு இருக்கு, நீ போய் முகம் கழுவு."

அக்கா அவரைக் கேட்கவில்லை. தங்கையைக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே எதைக் கேட்டாலும் ஆமாம் அல்லது இல்லை என்று பட்டென்று சொல்லும் தங்கை அவள். திரையில் எண் பதினோராயிரத்துச் சொச்சத்தில் இருந்தது.

"தெரியல அக்கா" என்றாள் பம்பரம். "பதினோராயிரம் வரைக்கும் இருக்கு. மீதி எண்ணிட்டிருக்கேன். காலைல டிஸ்க் காலின்னு என் நிரல் சொல்லுச்சு. நான் அதை நம்பி, அத்தானை இனிஷியலைஸ் பண்ணச் சொன்னேன். அவர் கேட்டார், குடுத்துடவான்னு. நான்தான் குடுங்கன்னேன். தப்பு என்னுது."

அக்காவின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அக்கா சோபாவில் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, குறிப்பேட்டை மடியில் விரித்து, நேற்றைய கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். பல்பு அணைந்து வெகு நேரமாகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பதினான்காயிரத்தில் ஒருமுறை எண் நின்றபோது அக்காவின் நகம் பம்பரத்தின் முழங்கையில் பதிந்தது. மறுபடி ஓடியது.

பதினையாயிரத்து அறுநூற்று இரண்டு. பழுது: பூஜ்ஜியம்.

அக்கா குறிப்பேட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி குறிப்பேட்டைப் பார்த்தாள். பிறகு அதை மூடி, தங்கையின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"உன்னை இத்தனை வருஷமாத் தெரியும். உன் வாயில 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. அதைக் கேட்டதும்தான்டி எனக்கு உயிரே போச்சு."

"மன்னிச்சுக்கோ அக்கா."

"காலைலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்த வார்த்தையை." அக்காவின் குரல் உடைந்தது. பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து டிஸ்க்கின் மேலேயே அழுத்தி ஒட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் களிமண் நெற்றி வரை ஏறியது. அத்தான் துண்டை எடுத்து நீட்டினார், அவள் அதை வாங்கவில்லை. 'இருக்கு இருக்கு' என்றதற்கு அவர் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

"இன்னும் எதுக்குப் பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் தங்கையிடம். "பல்பு அணைஞ்சாச்சு. எழுந்து நட."

பம்பரம் எழுந்தாள். ஆறு மணி நேரமாக மடங்கிக் கிடந்த கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். ஜன்னல் வரை போய்த் திரும்பியபோது தரை தடதடவென்று அதிர்ந்தது.